உம்மாவின் குரலும் நான் தெரிவுசெய்த பாடமும்

எனது உம்மா ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. 22 வருடங்களாகக் கற்பித்து வருகிறார். நான் பதினொராம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் அவரது குரல் அடைத்துப்போனது. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். மூன்று வாரமாகியும் குரல் திரும்பவில்லை. காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டியபோது, குரல்நாண்களில் சிறு தடிப்புகள் ஏற்பட்டிருப்பதாகச் சொன்னார். சத்தமிட்டுப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் பலர் இப்படித் தன்னிடம் வருவதாகவும் சொன்னாராம். சில நாட்களுக்கு முடிந்தவரை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்பது அவரது கட்டளை.

அந்த நாட்களில் உம்மா ஒரு கொப்பியில் எழுதிக்காட்டித்தான் எங்களோடு பேசினார். முதலாம் தரத்தில் படிக்கும் தம்பி அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். பின்னர் பேச்சுச் சிகிச்சையாளர் சில பயிற்சிகளைக் கொடுத்தார். வயிற்றில் கையை வைத்து மூச்சை உள்ளெடுத்தல், உதட்டை மூடி மெல்ல முனகுதல், தோள்களைத் தளர்த்துதல் என்பன அவை. உம்மா கட்டிலில் இருந்து அவற்றைச் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"உம்மா, இது எங்கட நாடக டீச்சர் பத்தாம் தரத்தில முதல் மாசமே சொல்லித் தந்தது" என்றேன்.

உம்மா கொப்பியை எடுத்து எழுதினார்: "எனக்கு ஏன் இத 22 வருஷமா ஒருத்தரும் சொல்லித் தரல்ல?"

அந்தக் கேள்விதான் உயர்தரத்தில் தமிழ், இஸ்லாமிய நாகரிகம் ஆகியவற்றோடு 'நாடகமும் அரங்கியலும்' பாடத்தையும் தெரிவுசெய்யும்படி என்னைத் தூண்டியது. வாப்பா கேட்டார்: "நாடகம் படிச்சி என்ன மகள் செய்யப் போறீங்க? நடிக்கப் போறீங்களா?"

"இல்ல வாப்பா, படிப்பிக்கப் போறன்."

வாப்பாவுக்கு அன்று என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. முழு விடையையும் இங்கே எழுத முயல்கிறேன். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழக்கூடும்.

குரல்

நாட்டியசாஸ்திரம் அபிநயத்தை நான்காக வகுக்கிறது. உடலால் வெளிப்படுத்துவது ஆங்கிகம். சொல்லாலும் குரலாலும் வெளிப்படுத்துவது வாசிகம். உடை, ஒப்பனையால் ஆவது ஆகார்யம். உள்ளத்து உணர்வால் ஆவது சாத்விகம். மேலைநாட்டு நாடகக் கல்லூரிகளில் குரலுக்கு ஓர் ஆசிரியர், அசைவுக்கு ஓர் ஆசிரியர், நடிப்புக்கு ஓர் ஆசிரியர் எனத் தனித்தனியாக இருப்பதுண்டு. நமது பாடசாலைகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியரே மூன்றையும் கற்பிக்கிறார்.

முதலில் குரலைப் பார்ப்போம். நாம் மூச்சை உள்ளெடுக்கும்போது பிரிமென்றகடு கீழிறங்குகிறது, வயிறு சற்று முன்தள்ளுகிறது. வெளியேறும் காற்று குரல்நாண்களை அதிரச் செய்வதால் ஒலி பிறக்கிறது. ஒரு பெண் பேசும்போது குரல்நாண்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவை அதிர்கின்றன. மேல்நெஞ்சால் மட்டும் மூச்செடுத்துப் பேசினால் கழுத்துத் தசைகள் இறுகும். குறைந்த மூச்சில் பெரிய சத்தம் எழுப்பக் குரல்வளையை நெருக்க வேண்டிவரும். நாள்தோறும் இப்படி மோதும் குரல்நாண்கள் தடித்துப்போகின்றன. உம்மாவுக்கு நடந்தது இதுதான்.

இதே துன்பம் எப்.எம். அலெக்சாண்டர் என்ற நடிகருக்கும் நேர்ந்தது. 1869 இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பிறந்த அவர் மேடையில் கவிதை ஒப்புவிக்கும்போதெல்லாம் குரல் அடைத்துப்போனது. ஓய்வெடுத்தால் சரியாகும், மேடையேறினால் மீண்டும் அடைக்கும். ஆகவே கண்ணாடிகளின் முன் நின்று தன்னையே கவனித்தார். பேசத் தொடங்கும்போது தலையைப் பின்னே இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாயால் காற்றை உறிஞ்சுவதைக் கண்டுபிடித்தார். அந்தப் பழக்கத்தை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டார். 1904 இல் லண்டனுக்குச் சென்று அதையே பிறருக்குக் கற்பிப்பதைத் தொழிலாக்கினார். அவரது முறை இன்றும் பல நாடகக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது.

இது நமக்குப் புதிய விடயமா? குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மக்ரஜ் என்றால் என்னவென்று தெரியும். ஒவ்வோர் எழுத்தும் தொண்டையில் பிறக்கிறதா, நாவில் பிறக்கிறதா, உதட்டில் பிறக்கிறதா என்று சிறு வயதிலேயே பழகியிருக்கிறோம். எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்பதையும் அங்கேதான் முதலில் கற்றோம். ஓதுவது இபாதத். நாடகப் பயிற்சியை அதோடு நான் சமப்படுத்தவில்லை. ஆனால் உச்சரிப்பைச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும் என்ற உண்மை நமக்குப் பழக்கமானது என்பதையே சொல்ல வருகிறேன்.

அசைவு

அசைவு என்றதும் பலர் நடனத்தை நினைக்கிறார்கள். ருடோல்ப் லாபன் (1879–1958) என்பவர் மனித அசைவுகளைப் பாரம், காலம், வெளி, ஓட்டம் என்ற நான்கு கூறுகளால் விளக்கினார். ஓர் அசைவு பாரமானதா மென்மையானதா, திடீரென்று நிகழ்கிறதா நிதானமானதா, ஒரே திசையில் செல்கிறதா வளைந்து செல்கிறதா, கட்டுப்பட்டதா தடையற்றதா என்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவுகளையும் அவர் ஆராய்ந்தார்.

எங்கள் டீச்சர் இதை விளக்கத் தத்துவம் பேசவில்லை. "சந்தைக்குப் போய்ப் பாரமான பையோட வாற உம்மாவப் போல நடங்க. இப்ப பை இல்லாம நடங்க" என்றார். அதைச் செய்தபோது, எங்கள் உம்மாமார் பை இல்லாதபோதும் தோளைச் சரித்தே நடக்கிறார்கள் என்பதை அன்றுதான் கவனித்தோம்.

நடிப்பு

1898 இல் மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, நடிகர் தன்னிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை முன்வைத்தார்: "இந்த நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?" நடிப்புப் பயிற்சியின் அடித்தளம் அது.

ஒருநாள் வகுப்பில், மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் மகளாக ஒரு தோழி நடித்தாள். வசனமே இல்லை. முதலில் நாங்கள் சிரித்தோம். அவள் தொலைபேசியைத் துடைத்துத் துடைத்து வைத்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறருடைய நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் பழக்கம் மேடைக்கு மட்டும் உரியதல்ல. ஆசிரியை, தாதி, சட்டத்தரணி, தாய் எல்லோருக்கும் அது வேண்டும்.

நம் மண்ணின் ஆசிரியர்கள்

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை நினைத்துப் பாருங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார், மத்தளத்தோடு நின்று, பாட்டையும் ஆட்டத்தையும் பாத்திரத்தையும் சேர்த்தே பழக்குகிறார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்த களரியில் விடியவிடியப் பாடக்கூடிய குரலை உருவாக்கியவர் அவர். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடியிலும் பழக்குபவருக்கு அண்ணாவியார் என்றே பெயர்.

இந்தக் கிராமியக் கலையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனையில் மாணவர்களைப் பழக்கி 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். அவரது 'இராவணேசன்' கூத்தில் மாணவராக இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறைப் பேராசிரியராகித் தானே பல மாணவர்களைப் பழக்கினார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926 இலேயே 'மதங்க சூளாமணி' என்ற நாடக இலக்கண நூலை எழுதி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு விளக்கினார். இவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள் என்பதைக் கவனியுங்கள்.

செல்லும் வழி

ஆறாம் தரம் முதல் அழகியற் பாடங்களில் ஒன்றாக நாடகமும் அரங்கியலும் உள்ளது. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் அதைத் தொடரலாம். உயர்தரத்தின் பின் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகத்தில் பட்டம் பெறலாம். அங்கு நுழைய வெட்டுப்புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புச் சோதனையிலும் சித்தியடைய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் பட்டப்படிப்புக்குரிய பாடமாக உள்ளது. ஆசிரியராக விரும்புவோர் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தலையும் ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும்.

பட்டம் பெற்றவர் பாடசாலையில் ஆசிரியராகலாம். பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடித்து ஆசிரிய ஆலோசகராக உயரலாம். உயர் வகுப்புச் சித்தியோடு பட்டம் பெற்றவர் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, முதுமாணிப் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் தொடரலாம். ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் விரிவுரையாளராக வருவதே எனது விருப்பம்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். இப்பாடம் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. வெளி மாவட்டத்தில் பணிபுரிய நேரலாம். தமிழ்மொழித் தினப் போட்டிக் காலத்தில் நாடக ஆசிரியருக்குப் பாடசாலை விட்ட பிறகும் வேலை இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆடை பற்றியும், மேடை பற்றியும், ஆணும் பெண்ணும் கலந்து நடிப்பது பற்றியும் நீங்கள் கொள்ளும் அக்கறை நியாயமானது. எனக்கும் அந்த எல்லைகள் உண்டு. செயன்முறைப் பரீட்சையில் பரீட்சகர்கள் முன் நடித்துக்காட்ட வேண்டும் என்பதை வாப்பாவிடம் நான் மறைக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஹிஜாபோடுதான் நடித்தேன். அதனால் ஒரு குறையும் வரவில்லை. எங்கள் பயிற்சிகள் கல்லூரி மண்டபத்தில் மாணவியரிடையே மட்டும் நடக்கின்றன.

இன்னொன்றையும் யோசியுங்கள். நமது பெண்பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க நமது பெண்களே முன்வராவிட்டால் யார் வருவார்? எவரும் வராவிட்டால், மேடையில் பேச எழுந்தால் நடுங்கும் பிள்ளை நடுங்கிக்கொண்டே இருப்பாள். 22 வருடம் சத்தமிட்டுக் குரலை இழக்கும் ஆசிரியைகளும் உருவாகிக்கொண்டே இருப்பார்கள்.

உம்மாவுக்கு அல்லாஹ்வின் உதவியால் குரல் திரும்பிவிட்டது. இப்போது வகுப்பில் பின்வரிசைப் பிள்ளையைக் கூப்பிட முன்னால் நின்று சத்தமிடுவதில்லை, அருகில் போகிறார். பிள்ளைகளை அமைதியாக்கக் கைதட்டுகிறார். காலையில் கண்ணாடியின் முன் நின்று ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்கிறார். தம்பியும் பக்கத்தில் நின்று வயிற்றைத் தள்ளிக் காட்டுகிறான்.

வாப்பா இன்னும் முழுமனதோடு சம்மதிக்கவில்லை. "முதல்ல பரீட்சைய எழுதுங்க மகள், பிறகு பாப்பம்" என்கிறார். ஆனால் போன வாரம், பாடசாலையில் ஒரு கூட்டத்தில் பேசப் போகும் நண்பரிடம் அவர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டேன்: "தோள உயர்த்தாம வயித்தால மூச்செடுத்துப் பேசுங்க. எங்கட மகள்தான் சொன்ன."

இன்ஷா அல்லாஹ், ஒருநாள் ஓர் ஆசிரியர் கல்லூரியின் முதல் வகுப்பில் நான் நிற்பேன். ஆசிரியர்களாகப் போகும் பெண்கள் என் முன்னே அமர்ந்திருப்பார்கள். வேறெதுவும் சொல்வதற்கு முன் வயிற்றில் கையை வைக்கச் சொல்வேன்.