23 சதவீதமா, 30 சதவீதமா?

வருமான வரியே இல்லாமல் ஓர் அரசு நடக்க முடியுமா? நேர்முக வரி, மறைமுக வரி பாடத்தை நடத்தும்போது மாணவர்களிடமிருந்து எழக்கூடிய கேள்வி இது. அமெரிக்காவில் இக்கேள்வி ஒரு மசோதாவாகவே வந்தது.

அந்நாட்டில் 1913இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் ஏற்கப்பட்ட பின் வருமான வரி நிலைபெற்றது. தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, சம்பளத்தில் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரி ஆகியவற்றை நீக்கி, நாடு முழுவதும் ஒரே சில்லறை விற்பனை வரி விதிக்கலாம் என்பது ‘ஃபேர்டாக்ஸ்’ மசோதா. 1999இல் முதலில் அறிமுகமானது. பிறகு பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை.

வரி 23% என்கிறார்கள் ஆதரவாளர்கள். 30% என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். இருவர் சொல்வதும் ஒரே வரிதான். கடையில் நாம் கொடுக்கும் 100 டாலரில் 23 வரி, 77 பொருளின் விலை. கொடுத்த தொகையில் கணக்கிட்டால் 23%. பொருளின் விலையில் கணக்கிட்டால் 23/77, அதாவது ஏறத்தாழ 30%. வருமான வரியை மொத்த வருமானத்தில் கணக்கிடுகிறோம். அதனுடன் ஒப்பிட 23% பொருந்தும். நம் ஜி.எஸ்.டி. போல விலையின் மேல் கூட்டும் வரிகளுடன் ஒப்பிட 30% பொருந்தும்.

அடுத்த கேள்வி, சுமை யார் மீது? ஏழைகளைக் காக்க, வறுமைக்கோட்டு அளவிலான செலவுக்குரிய வரியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதந்தோறும் முன்கூட்டியே அரசு தந்துவிடும் என்கிறது மசோதா. அந்த அளவை மாதம் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தரப்படும் தொகை 460 டாலர்.

- முதல் குடும்பம்: வருமானம் 2,000, செலவு 2,000. வரி 460, திரும்பக் கிடைப்பது 460. நிகரச் சுமை இல்லை.
- இரண்டாம் குடும்பம்: வருமானம் 5,000, செலவு 5,000. நிகர வரி 690, வருமானத்தில் 13.8%.
- மூன்றாம் குடும்பம்: வருமானம் 20,000, செலவு 8,000. நிகர வரி 1,380, வருமானத்தில் 6.9%.

ஏழைக் குடும்பம் காக்கப்படுகிறது. ஆனால் நடுத்தரக் குடும்பத்தின் சுமை, செல்வக் குடும்பத்தின் சுமையைப்போல் இருமடங்கு. சேமிப்பும் ஒருநாள் செலவாகும், அப்போது வரி கிடைக்கும் என்பது ஆதரவாளர்களின் பதில். சேமிப்பு தலைமுறைகளுக்குச் செலவாகாமலே இருக்கலாமே என்பது மறுப்பு.

எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது இந்த மூன்று குடும்பங்களையும் கரும்பலகையில் எழுதலாம். செலவு எண்களை மட்டும் மாற்றி, சுமையை மாணவர்களே கணக்கிடட்டும். எந்த வரி நியாயமானது என்பதில் அவர்கள் வேறுபடலாம், “எதில் இத்தனை சதவீதம்?” என்று முதலில் கேட்கப் பழகினால் போதும்.