உயிரியல் ஆசிரியர் பயிற்சியும் ஊராரின் பங்கும்

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பணியிடைப் பயிற்சிக்கெனச் சில நாட்கள் வெளியே செல்லும்போது, "பிள்ளைகளின் பாடம் கெடுகிறதே" என்று கிராம மக்கள் குறை கூறுவதுண்டு. அக்குறை நியாயமானதே. ஆயினும், அப்பயிற்சி எதற்காக என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம். சிறப்பாக, உயிரியல் பாடத்திற்கு அதன் தேவை மிகுதி.

நம் மாநிலத்தில் இப்பாடத்தைக் கற்பிக்க வருவோர் பெரும்பாலும் கல்லூரியில் தாவரவியலையோ விலங்கியலையோ முதன்மைப் பாடமாகப் பயின்றவர்கள். அதன்மேல் கல்வியியல் பட்டம் பெறுகிறார்கள். ஓராண்டாக இருந்த அப்படிப்பு 2015-ஆம் ஆண்டு முதல் ஈராண்டாயிற்று. ஆனால் 9, 10-ஆம் வகுப்புகளில் தாவரவியல் கற்றவரே விலங்கினங்களைப் பற்றியும் மனித உடலைப் பற்றியும் கற்பிக்க வேண்டியவராகிறார். சிறிய பள்ளிகளில் இயற்பியலும் வேதியியலுங்கூட அவர் பொறுப்பே. தம் கையால் ஒருமுறையும் செய்து பாராத சோதனையை மாணவர் முன்னிலையில் செய்ய எவரும் தயங்குவர். நுண்நோக்கி அலமாரியிலேயே தங்கிவிடுவதற்குப் பல இடங்களில் இத்தயக்கமே காரணம், சோம்பல் அன்று.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் ஏற்பட்டன. பயிற்சிக்கு இடம் உண்டு. ஆனால் நாள் முழுதும் சொற்பொழிவு கேட்டுத் திரும்பினால் பயன் சிறிதே. ஆசிரியர் தாமே வெட்டி, பிரித்து, உற்று நோக்கிப் பழக வேண்டும்.

நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் காணப்படும். விரலால் தேய்த்தால் அவை எளிதில் உதிர்ந்துவிடும். ஒரு முடிச்சைப் பிளேடினால் அறுத்துப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தென்படும். அதனுள் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஈட்டித் தருகிறது என்பதற்கு அந்நிறம் அடையாளம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பின் அம்முடிச்சு ஓய்ந்துவிட்டது எனலாம். உதிராமல், வேரே புடைத்துக் காணப்படுமாயின் அது நூற்புழுவின் வேலை. யூரியாவை அளவுக்கு மீறி இட்டால் நன்மை தரும் முடிச்சுகள் குறைகின்றன. பாடப்புத்தகத்தில் சில வரிகளில் முடிந்துவிடும் இச்செய்தி, உழவரின் உரச் செலவைக் குறைக்க வல்லது!

நீர்த்தேக்கத் தொட்டியும் இத்தகையதே. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவின் புழு நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாக மிதக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவோ தலைகீழாகத் தொங்கும். இதனை ஒரு கண்ணாடிக் குவளையில் காட்டப் பழகிய ஆசிரியரின் மாணவர்கள், தங்கள் வீட்டுத் தொட்டியை மூடி வைக்கத் தாமே முற்படுவர்.

இவற்றுக்கு வேண்டிய ஆய்வுக்கூடம் ஊரிலேயே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் இடம் உண்டு. பயிற்சியில் ஒரு நாளையாவது வயலில் நடத்தும்படி அவர்கள் தலைமையாசிரியர் வாயிலாகக் கேட்கலாம். அனுபவமுள்ள உழவர் ஒருவர் தம் கொல்லையில் பத்துச் செடிகளைப் பிடுங்க இசைந்தால் போதும். ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலையில், விதைத்த நாற்பதாம் நாளளவில் முடிச்சுகள் நன்கு தெரியும். காலாண்டுத் தேர்வு நாட்களை விலக்கி அதற்கேற்ப நாள் குறித்தால், பாடமும் கெடாது.