வரிசை மாறினால் வழி தவறும்

அகராதியில் 'மரம்' என்ற சொல்லை எப்படித் தேடுவீர்கள்? முதல் பக்கத்திலிருந்தா புரட்டுவீர்கள்? இல்லை. நடுவில் திறப்பீர்கள். 'த' தென்பட்டால், 'ம' அதற்குப் பின்னால்தான், முன்பாதியை விட்டுவிடலாம். இவ்வாறு பாதி பாதியாக ஒதுக்கினால், 10 லட்சம் சொற்களில் ஒன்றை 20 முறைக்குள் பிடித்துவிடலாம்!

கம்ப்யூட்டரின் தகவல் தளமும் ஏறக்குறைய இப்படித்தான் தேடுகிறது. தகவல்களை அட்டவணைகளாக அமைக்கும் முறையை 1970-ல் எட்கர் காட் என்ற ஐ.பி.எம். ஆய்வாளர் வெளியிட்டார். அட்டவணையில் விரைந்து தேட, வரிசைப்படுத்திய ஒரு 'சுட்டி' துணை செய்கிறது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றது அது.

சரி, எது முன், எது பின் என்று முடிவு செய்வது யார்? 'போஸ்ட்கிரெஸ்' என்ற தகவல் தளம், லினக்ஸ் கம்ப்யூட்டரில் இந்த விதியைப் பெரும்பாலும் லினக்ஸிடமிருந்தே கடன் வாங்குகிறது. 2018-ல் அந்த விதி மாறியது. அமெரிக்க ஆங்கில முறையில் அதுவரை '11' முன்னால், '1-1' பின்னால். அதன்பின் '1-1' முன்னால் வந்துவிட்டது.

இதனால் என்ன கெடுதல்? பழைய சுட்டியில் 11, 1-1 என்று எழுதியிருக்கிறது. லினக்ஸைப் புதுப்பித்தபின் '1-1' எண்ணைத் தேடுகிறோம். '11' எதிர்ப்படுகிறது. புது விதிப்படி '1-1' அதற்கு முன்னால் இருக்க வேண்டுமே! கம்ப்யூட்டர் முன்பக்கம் போகிறது, "இல்லை" என்கிறது. அடுத்த இடத்திலேயே அது இருக்கிறது! அது மட்டுமா? 'இல்லாத' அந்த எண்ணை இன்னொருவருக்கும் கொடுத்துவிடலாம். பிழைச் செய்தி எதுவும் வராது.

வெர்னியர் அளவியில் சுழிப்பிழை பார்த்த பிறகுதானே அளவெடுக்கிறோம்? இங்கும் அப்படியே. போஸ்ட்கிரெஸின் புதுப்பிக்கும் கருவிக்கு 'சோதனை மட்டும்' என்று கட்டளையிடலாம். தகவலைத் தொடாமலே, புதிய பதிப்புக்கு ஒவ்வாதவற்றை அது சொல்லிவிடும். ஆனால் வரிசை மாற்றத்தை அது கவனிப்பதில்லை. ஒரே பட்டியலைப் பழைய, புதிய லினக்ஸ் இரண்டிலும் வரிசைப்படுத்தி ஒப்பிட வேண்டும். வேறுபட்டால், சுட்டியைப் புதிதாக எழுதிவிட வேண்டும்.

செய்து பாருங்கள்: வகுப்பு நண்பர்கள் 15 பேரின் பெயர்களை இனிஷியலைக் கணக்கில் எடுக்காமல் அகர வரிசையில் எழுதுங்கள். இனிஷியல்தான் முதல் எழுத்து என்று நண்பனிடம் சொல்லி, பாதி பாதியாகத் தேடச் சொல்லுங்கள். எத்தனை பேர் 'காணாமல்' போகிறார்கள்?