புதுவெள்ளமும் ஏறுமீனும்

ஜூன் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஸ்ரீவராகம், கிழக்கேகோட்டை, அட்டக்குளங்கரை பக்கத்து மக்களின் கவலையெல்லாம் தெருவில் தேங்கும் தண்ணீரைப் பற்றித்தான். அதே நாட்களில், நகரை ஒட்டி ஓடும் கிள்ளியாற்றிலும் கரமனையாற்றிலும் தண்ணீர் செம்மண் கலங்கலாக ஏறத் தொடங்கும். கோடை முழுவதும் ஆழமான கயங்களில் ஒடுங்கிக் கிடந்த மீன்கள், சினை தாங்கிய வயிற்றோடு நீரோட்டத்தை எதிர்த்துக் கிளம்பும். ஆற்றிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து நீர் நிரம்பிய வயலுக்கு என்று தண்ணீர் வரும் திசையெல்லாம் ஏறும்.

மலையாளத்தில் இதற்கு ‘ஊத்த’ என்று பெயர். குட்டநாட்டிலும் திருச்சூரின் கோள் எனப்படும் சதுப்பு வயல்களிலும் பெரிய அளவிலும், மற்ற ஆறுகளில் சிறிய அளவிலும் இது ஆண்டுதோறும் நடக்கிறது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் இலையுதிர் காலத்தில் கிங் சால்மன் ஆற்றில் ஏறுவதைக் காண உலகமே போகிறது. தொலைக்காட்சிகள் படம் பிடிக்கின்றன. நம் ஊர் வாய்க்காலில் அதே தன்மையுள்ள ஒரு பயணம் இரண்டு, மூன்று வாரங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. அதை எதிர்கொள்வது பெரும்பாலும் வீச்சுவலையும் ஒற்றல் கூடையும்தான்.

மழைக்காக ஏன் காத்திருக்கின்றன?

மீனின் உடலுக்குள் முட்டை வளர்வது மழைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோடையில் பகல் நீள்வதும் நீர் சூடேறுவதும் சூலகத்தை மெல்ல மெல்லத் தயார் செய்கின்றன. ஆனால் முட்டை முதிர்ந்து வெளியேறும் கடைசிக் கட்டத்துக்கு மூளை உத்தரவு தர வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனை விடுவித்தால்தான் அது நடக்கும். அந்த உத்தரவைத் தூண்டுவது புதுவெள்ளம். நீர் சட்டென்று குளிர்வது, கரைந்திருந்த உப்புகளின் செறிவு குறைவது, ஓட்டத்தின் வேகம் கூடுவது, நனைந்த மண்ணின் வாசனை கலப்பது என்று பல குறிகள் ஒரே சமயத்தில் மீனுக்குக் கிடைக்கின்றன.

குளத்தில் வளர்க்கும் கெண்டை இனங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஸ்ரீவராகம் கோயில் குளம் போலச் சுற்றிலும் படி கட்டிய ஒரு குளத்தில் ரோகு குஞ்சுகளை விட்டால் அவை நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் பாயும் வெள்ளம் வராததால் முட்டையிடாது. முட்டைகளை உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வங்காளத்தில் மேதினிப்பூர், பாங்குரா பகுதிக் குடியானவர்கள் இதை வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். சரிவான நிலத்தில் கரை போட்டு, முதல் மழைநீர் பாய்ந்து வந்து நிரம்பும்படி குட்டைகளை அமைத்து, அதில் மீன்களை முட்டையிட வைத்தார்கள்.

வெள்ளம் செய்வதை ஊசியால் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. 1930களில் பிரேசிலில் மீனின் பிட்யூட்டரிச் சாற்றை இன்னொரு மீனுக்குச் செலுத்தி முட்டையிடச் செய்தார்கள். இந்தியாவில் இதை நம் கெண்டை இனங்களில் சாதித்தவர்கள் ஹீராலால் சவுதுரியும், கேரளத்தைச் சேர்ந்த கே.எச். அலிகுஞ்ஞும். ஒடிசாவில் 1957 ஜூலை 10 அன்று கிடைத்த அந்த வெற்றியின் நினைவாகத்தான் இன்றும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதுவரை மீன் வளர்ப்போர் மழைக்காலத்தில் ஆற்றில் வலை போட்டு, நல்லதும் கெட்டதும் கலந்த குஞ்சுகளை அள்ளி வந்து வளர்த்தார்கள். இன்று சந்தையில் கிடைக்கும் கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் பொரிப்பகத்தில் பிறந்தவை.

ஆற்று மீனுக்கு ஊசி போட யாரும் இல்லை. அதற்கு மழைதான் வேண்டும்; ஏறிப்போக ஒரு வழியும் வேண்டும்.

வயல் என்னும் பிரசவ அறை

ஆற்றில் இடமில்லாமலா வயலுக்குப் போகின்றன? வேகமாக ஓடும் ஆற்று நீரில் முட்டை அடித்துக்கொண்டு போய்விடும். பெரிய மீன்களும் தின்றுவிடும். வெயிலில் காய்ந்து கிடந்த வயலில் புதுத்தண்ணீர் நின்றால் கதை வேறு. மட்கிய வைக்கோலும் புல்லும் ஊறி நுண்ணுயிர்கள் பெருகும். மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் முட்டைகள் சில நாட்களில் பொரிக்கும். கண் திறந்த மீன்குஞ்சுக்கு முதல் தீனி அதுதான். ஆழம் குறைந்த நீர் சூடாக இருப்பதால் முட்டை சீக்கிரம் பொரிக்கிறது. கெண்டை இனத்தில் ஒரு நாள்கூட ஆகாது.

ஊத்தயில் ஏறும் கூட்டத்தில் பல இனங்கள் உண்டு. ஆற்றுவாளை, மஞ்ஞக்கூரி, தூளி, முஷி, பல வகைப் பரல்கள், வரால் என்று பட்டியல் நீளும். இவற்றில் தனி ரகம் பனையேறிக் கெண்டை. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஓர் உறுப்பு இருப்பதால், தண்ணீர் தொடர்ந்து இல்லாத இடத்திலும் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்துவிடும். 1791இல் தரங்கம்பாடியில் டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு பனைமரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியாகி ஐரோப்பாவில் பெரிய வாதத்தைக் கிளப்பியது. மரம் ஏறுவது பற்றிச் சந்தேகம் உண்டு. தரையில் நகர்வதில் சந்தேகமே இல்லை.

ஒரு முறையும் பல முறையும்

கிங் சால்மன் என்கிற சினூக் மீனின் கதை இதோடு ஒத்துப்போகும் இடமும் உண்டு, விலகும் இடமும் உண்டு. அது ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், சில ஆண்டுகள் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. பிறந்த நீரின் வாசனையை நினைவில் வைத்துத்தான் திரும்புகிறது என்ற கருத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர் 1951இல் முன்வைத்தார். 1970களில் அவருடைய குழு சால்மன் குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற ரசாயனத்தின் மணம் கலந்த நீரில் வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டது. வளர்ந்த மீன்கள் அதே மணம் கலக்கப்பட்ட ஓடையைத் தேடி வந்தன.

யூகான் ஆற்றில் சில சினூக்குகள் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீச்சல் போடுகின்றன. ஆற்றில் நுழைந்ததும் தீனியை நிறுத்திவிடும், குடல் சுருங்கிவிடும். பசியே இல்லாத மீன் தூண்டிலைக் கவ்வுவது ஏன் என்பது அங்குள்ள தூண்டில்காரர்களின் தீராத விவாதம். பழைய இரை தேடும் பழக்கம் என்பார்கள் சிலர். தன் இடத்துக்குள் வந்ததைக் கடித்து விரட்டும் கோபம் என்பார்கள் சிலர். அதனால்தான் மின்னிச் சுழலும் தகட்டையும், பதப்படுத்திய சால்மன் சினை முடிச்சையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். 1985இல் அலாஸ்காவின் கீனை ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு கிங் சால்மன் 44 கிலோ இருந்தது; இன்றும் அதுவே உலக சாதனை. முட்டையிட்டதும் சினூக் இறந்துபோகும். அதன் வாழ்வில் இனப்பெருக்கம் ஒரே ஒரு முறை.

நம் மீன்கள் அப்படியல்ல. வாளையும் தூளியும் முட்டையிட்ட பிறகு, நீர் வடியும்போது ஆற்றுக்குத் திரும்பும். அடுத்த ஆண்டும் ஏறும், அதற்கடுத்த ஆண்டும் ஏறும். ஏறுகிற வழியில் ஒரு தாய்மீனைப் பிடித்தால் போவது அந்த ஆண்டின் முட்டைகள் மட்டுமல்ல; அது இனி இடவிருந்த முட்டைகளும்தான். கெண்டை இனத்தில் ரோகு போன்ற மீனுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டை இருக்கும். கூட்டமாக, குறுகிய மடையில், ஆழமில்லாத நீரில் வருவதால் பிடிப்பது சுலபம். ஆண்டிலேயே மிகச் சுலபமாகக் கிடைக்கும் வாரமும், பிடித்தால் ஆற்றுக்கு மிக அதிக நஷ்டம் தரும் வாரமும் ஒன்றே.

ஒற்றல் என்பது மூங்கில் பிளாச்சில் முடைந்த, அடி அகன்று மேல்வாய் குறுகிய கூடை. நீரில் மீனின் மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையைவிட்டு எடுப்பார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை கண்மாய்களின் மீன்பிடித் திருவிழாவில் ஊர் கூடிக் குத்துகிற ஊத்தாக் கூடையும் இதுதான். ஆனால் அங்கே கூடை இறங்குவது கோடையில், கண்மாய் வற்றும் நேரத்தில். பிடிக்காமல் விட்டாலும் சேற்றில் சாகப் போகிற மீன்களே பெரும்பாலும் அதில் அகப்படுகின்றன. இங்கே கூடை இறங்குவது மீன் முட்டையிடப் போகிற வழியில். கருவி ஒன்றுதான், பருவம் மாறியதால் பலன் தலைகீழாகிறது.

எண்ணிக்கையும் தடையும்

கேரளத்தின் 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி ஊத்தபிடுத்தம், அதாவது ஏறுமீனைப் பிடிப்பது, குற்றம். ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன் மீன்வளத் துறை எச்சரிக்கிறது, செய்தித்தாளில் வருகிறது, மீன் பிடித்த படங்களும் கூடவே சமூக ஊடகங்களில் வருகின்றன. கடலில் நிலைமை வேறு. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலை விசைப்படகுகள் துறைமுகத்தை விட்டு நகராது. தொழிலாளர்களுக்கு இலவச ரேஷன் தரப்படுகிறது. கடலில் காவல் காக்க வேண்டிய துறைமுகங்கள் சிலதான். ஆற்றிலோ ஒவ்வொரு மடையும் ஒரு துறைமுகம்.

சால்மன் நாடுகளிலும் மீனை ஏறும் வழியில்தான் பிடிக்கிறார்கள். ஆனால் முட்டையிட எத்தனை மீன் மேலே போயாக வேண்டும் என்று முதலில் கணக்கு வைக்கிறார்கள், மிஞ்சியதுதான் மனிதருக்கு. கொலம்பியா ஆற்றின் பொன்னவில் அணையில் மீன்கள் ஏறிச் செல்லப் படிப்படியான நீர்வழி உண்டு. அதன் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து கடந்துபோகும் மீனை எண்ணுகிறார். எண்ணிக்கை குறைந்தால் பிடிப்பு நிற்கும். 2024இல் அமெரிக்காவும் கனடாவும் யூகான் ஆற்றில் சினூக் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. ஏழு ஆண்டு என்பது அந்த மீனின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று.

நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை. ஒரு ஆண்டில் கரமனையாற்றில் எத்தனை வாளை ஏறுகிறது என்று எண்ணத் தொடங்கினால்தான் தடை பலன் தருகிறதா, எந்த மடையில் காவல் வேண்டும் என்பதெல்லாம் தெரியும். வாளையும் மஞ்ஞக்கூரியும் இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்கள். ஆறுகளில் குறைந்துபோன தூளியையும் மஞ்ஞக்கூரியையும் தேசிய மீன் மரபுவள நிறுவனமும் குமரகம் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்வித்து, குஞ்சுகளை ஆற்றில் விட்டிருக்கின்றன. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தாயான பிறகு, அவற்றுக்கும் வேண்டியது மழைக்கால வழிதான்.

வழி எங்கே?

பிடிப்பதை முழுவதும் நிறுத்திவிட்டாலும் இன்னொரு சிக்கல் மிஞ்சும். 1970களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.75 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று அது சுமார் 2 லட்சம் ஹெக்டேர். சுருங்கியது நெல் மட்டுமல்ல, மீனின் பிரசவ நிலமும். மிஞ்சிய வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சாலை, குழாய்ப் பாலம், தடுப்பணை, கான்கிரீட் கரை. கரமனையாற்றின் மேல்பகுதியில் அருவிக்கரை அணையும், அதற்கும் மேலே பேப்பாறை அணையும் நகரத்துக்குக் குடிநீர் தருகின்றன. ஏறும் மீனுக்கு அவை சுவர்கள். ஃபரக்கா தடுப்பணை 1975இல் வந்த பிறகு கங்கையில் அலகாபாத் வரை ஏறிய ஹில்சா மீன் அங்கே அரிதாகிப்போனது தெரிந்த கதை.

நகர வாய்க்கால்களில் நடப்பது இன்னும் மோசம். ஆமையிழஞ்சான் தோடு போன்ற சாக்கடை கலந்த நீரில் தென் அமெரிக்காவின் உறிஞ்சுவாய்க் கெளிறு பெருகிவிட்டது. யாரோ வளர்ப்புத் தொட்டியிலிருந்து கொட்டிவிட்ட மீன் அது. ஊர் மீனுக்கு மூடப்பட்ட வழி, அழுக்கைத் தாங்கும் வெளிமீனுக்குத் திறந்து கிடக்கிறது.

வழியைத் திறந்தால் மீன் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லும் என்பதற்குக் கிளாமத் ஆறு சாட்சி. கலிபோர்னியாவிலும் ஆரிகனிலும் அந்த ஆற்றை மறித்திருந்த நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024 இலையுதிர் காலத்தில். அதே அக்டோபரில் சினூக் ஆரிகனுக்குள் ஏறியது. அங்கே அது கடைசியாக வந்தது 1912இல்.

திருவனந்தபுரத்தில் அருவிக்கரை அணையை இடிக்க யாரும் சொல்லப்போவதில்லை. வாய்க்காலும் வயலும் சந்திக்கும் மடைகளைச் சீராக்குவதற்கும், குழாய்ப் பாலத்தின் வாயை நீர்மட்டத்துக்குத் தாழ்த்துவதற்கும், தடுப்பணையின் ஓரத்தில் சரிவான கல்வழி ஒன்று விடுவதற்கும் பெரிய பணம் தேவையில்லை. எந்த மடையில் மீன் ஏறும் என்பது அதிகாரிகளைவிட அந்தந்த ஊர் மீன்பிடிப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஏறுமீனை எண்ணும் வேலையை அவர்களிடமே கூலி கொடுத்து ஒப்படைத்தால் தடைக்குக் காவலும் கிடைக்கும், கணக்கும் கிடைக்கும். பிறகு நீர் வடிந்து, முட்டையிட்டு முடித்த மீன்கள் ஆற்றுக்குத் திரும்பியபின் அளவாகப் பிடிக்க அவர்களுக்கே முதல் உரிமை கொடுக்கலாம். மீனை முதலில் போகவிட்டவர்களுக்குத்தான் அடுத்த மழையிலும் ஊத்த உண்டு.