பாட்டரி வேண்டாத ஒளியுணரி

1930-களில் அமெரிக்காவின் வெஸ்டன் கம்பெனியார் புகைப்படக்காரர்களுக்கென்று செய்து விற்ற ஒளிமானியில் பாட்டரி என்பதே கிடையாது. செலினியம் பூசிய தகட்டின்மீது வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் அதிலே பிறக்கும் சொற்ப மின்னோட்டமே முள்ளை நகர்த்தி அளவைக் காட்டிவிடும். அளக்கப்படும் ஒளியே அளக்கும் கருவிக்கும் சக்தி அளிக்கிற அந்த ஏற்பாடு, இன்று சில அணுக்களின் கனமே உள்ள படலங்களில் புனர்ஜன்மம் எடுத்திருக்கிறது. அப்படலங்களில் ஒன்றில் அதே செலினியம் டங்ஸ்டனோடு கூடி இடம்பெற்றிருப்பது எனக்கு மிகுந்த ஆனந்தம் தருகிறது.

மான்செஸ்டர் சர்வகலாசாலையில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவசெலோவும் கிராஃபைட்டின்மேல் ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து, ஓர் அணுக் கனமுள்ள கிராஃபீனைப் பிரித்தெடுத்து 2004-இல் உலகுக்கு அறிவித்த பிறகு, யந்திரங்களுக்கு மசகாக நெடுங்காலம் பயன்பட்டு வந்த மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற மற்ற அடுக்குப் பதார்த்தங்களின்மீதும் விஞ்ஞானிகளின் பார்வை திரும்பியது. மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஒற்றைப் படலம் சுமார் 0.65 நானோமீட்டர் கனமே உடையது. எனினும் பூரணமான குறைக்கடத்தி. இதன்மேல் டங்ஸ்டன் டைசெலினைடு படலம் ஒன்றைப் படிய வைத்தால், சாதாரண டயோடுகளுக்கு வேண்டிய சந்தி அந்த இரண்டு படலங்களுக்கு நடுவிலேயே அமைந்துவிடுகிறது என்பதை 2014-இல் கொலம்பியா சர்வகலாசாலை, வியன்னா நகரம் ஆகியவற்றின் ஆராய்ச்சிக் குழுவினர் செய்து காட்டினர்.

போட்டான் ஒன்று படலத்தில் உறிஞ்சப்படும்போது ஓர் எலெக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமாகிய மின்துளையும் தோன்றுகின்றன. எலெக்ட்ரானுக்குத் தாழ்ந்த சக்திநிலை மாலிப்டினப் படலத்திலும், மின்துளைக்கு உகந்த நிலை டங்ஸ்டன் படலத்திலும் அமைந்திருப்பதால், வெளியிலிருந்து எவ்வித மின்னழுத்தமும் தராமலே இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் பிரிந்து மின்னோட்டமாகின்றன. இத்தகைய அடுக்குகளில் அப்பிரிவு ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் நிகழ்ந்துவிடுகிறது. அடுக்குகளைப் பிணைப்பது வான் டெர் வால்ஸ் எனப்படும் மெல்லிய ஈர்ப்பே ஆகையால், இரு படிகங்களின் அணுவரிசைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை.

வெளி மின்னழுத்தம் இல்லாததால் இருளில் கசியும் மின்னோட்டம் ஏறக்குறைய அற்றுப்போய், மங்கலான ஒளியின் சமிக்ஞைகூடத் தெளிவாகக் கிட்டுகிறது என்பதையே இதன் பிரதான லாபமாக நான் கருதுகிறேன். ஆனால் ஒரு போட்டானுக்கு ஓர் எலெக்ட்ரானுக்குமேல் இதில் எதிர்பார்க்க இயலாது. சமிக்ஞையைப் பெருக்கவும் தொலைவுக்கு அனுப்பவும் வேறு மின்சக்தி வேண்டியிருக்கிறது. மேலும், ஒற்றைப் படலம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆதலால் பல அடுக்குகள் கொண்ட சற்றுத் தடித்த துணுக்குகளையும், அடியில் ஒளியைத் திருப்பியனுப்பும் உலோகப் பரப்பையும் சிலர் பயன்படுத்துகிறார்கள்.

பெரிய கஷ்டம் உற்பத்தியில்தான். டேப்பினால் உரித்த துணுக்குகள் தலைமயிரின் தடிமனுக்கு மேல் அதிகம் விரிவதில்லை. அவற்றை மெழுகுபோன்ற பாலிமரில் ஏந்தி, மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கும்போது, நடுவே காற்றோ நீர்த்துளியோ சிக்கிக் கொப்புளமானால் அவ்விடத்தில் படலங்கள் தொடுவதில்லை, மின்னூட்டமும் கடப்பதில்லை. மூலப்பொருள்களை உலைக்குள் ஆவியாக்கி, கைகளால் அடுக்காமலே பெரிய தகடுகளின்மீது நேரடியாகப் படிய வைக்கும் முறையில் இப்போது பல ஆய்வுச்சாலைகள் முனைந்திருக்கின்றன.