கண்ணாடியில் நகராத புள்ளி

2017 ஜனவரி 28. பொழுது விடிய இன்னும் நேரமிருந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு 'பி.டபிள்யூ. மேப்பிள்' வெளியே போய்க்கொண்டிருந்தது. சுமார் 32,800 டன் பெட்ரோலியப் பொருள்களோடு 'டான் காஞ்சிபுரம்' உள்ளே வந்துகொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கடல்மைல் தொலைவில் இரண்டும் மோதிக்கொண்டன. எர்ணாவூர், திருவொற்றியூர் கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை ஆட்கள் வாளி வாளியாக அள்ளியதுதான் ஊருக்கு நினைவிருக்கிறது. மோதலுக்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இவ்வளவு பெரிய கப்பல்களில் ரேடார் இல்லாமல் இராது. தன் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் சர்வதேச விதிப்படி கட்டாயம். பேசிக்கொள்ள ரேடியோவும் உண்டு. சுற்றிலும் திறந்த கடல். பிறகும் மோதின.

வானத்தில் இரண்டு விமானங்கள் மோதும்போதும் இதே திகைப்புத்தான் வருகிறது. அத்தனை பெரிய ஆகாயத்தில் ஒதுங்க இடமா இல்லை? ஓரிருவர் மட்டும் ஏறிப் பறக்கும் தனியார் குட்டி விமானங்களில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. பயணிகள் விமானத்தைக் காக்கும் கருவிகளில் பலவும் அவற்றில் இருப்பதில்லை. வடசென்னையில் ஓடுபாதை கிடையாது. செஸ்னா வகைக் குட்டி விமானம் வைத்திருப்பவரை ராயபுரத்தில் தேடினாலும் கிடைக்கமாட்டார். ஆனாலும் இந்த விஷயத்தைக் காசிமேட்டில் படகோட்டுகிறவருக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வானத்துச் சாலை விதிகள் கடலிலிருந்து கடன் வாங்கியவை.

முதலில் மோதலின் கணக்கைப் பார்ப்போம். வலப்புறத்தில் தூரத்தே ஒரு கப்பல் குறுக்காக வருகிறது. சற்று நேரம் கழித்துப் பார்க்கிறீர்கள். அது உங்கள் படகின் முன்பக்கமாக நகர்ந்திருந்தால் உங்களுக்கு முன்னால் கடந்து போகும்; பின்பக்கமாக நகர்ந்திருந்தால் பின்னால் போகும். அதே திசையில், அதே கோணத்தில் நின்றபடி உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரப்போகின்றன என்று பொருள். 1972இல் உருவான கடல் மோதல் தடுப்பு விதிகள் இதைத்தான் எழுத்தில் வைத்திருக்கின்றன: நெருங்கிவரும் கப்பலின் திசைக்கோணம் குறிப்பிடும்படி மாறாவிட்டால் மோதல் ஆபத்து இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

விமானத்துக்கும் கணக்கு அதுவேதான், ஆனால் மனிதக் கண் அங்கே காலை வாரிவிடுகிறது. ஓரக்கண் எப்போதும் அசைவைத்தான் பிடிக்கும். முன்கண்ணாடியின் குறுக்கே ஓடும் விமானத்தை உடனே கவனித்துவிடுவோம். அதனால் ஆபத்தில்லை. ஆபத்தானது கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்ட புள்ளி. அழுக்கோ பூச்சியோ என்று கண் அதைத் தள்ளிவிடும். நெடுநேரம் புள்ளியாகவே இருந்துவிட்டு, கடைசிச் சில விநாடிகளில் அது சட்டென்று விரியும்.

அந்த விநாடிகள் எத்தனை? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குக் கொடுத்துள்ள கணக்கு 12.5 விநாடி. பொருளைக் கண்டு அது விமானம் என்று உணர ஒரு விநாடிக்குச் சற்று அதிகம், மோதும் பாதையில் வருகிறது என்று புரிய ஐந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க நான்கு, கை அசையவும் விமானம் அதற்குக் கீழ்ப்படியவும் மிச்சம். எதிரெதிரே வரும் இரண்டு செஸ்னாக்கள் தலா 200 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 12.5 விநாடியில் அவற்றுக்கிடையே 1,400 மீட்டர் கரைந்துபோகும். அந்தத் தூரத்தில் 11 மீட்டர் இறக்கை கண்ணுக்கு நிலாவின் அகலமே இருக்கும். நிலாவைப் போல் வட்டமாக ஒளிராது. வெறும் மெல்லிய கோடு. எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் கடல் மூட்டமும் கலந்த காலையில் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.

அதனால் தேடும் முறையையே பாடமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். தலையை இங்குமங்கும் சுழற்றுவதால் பயனில்லை. ஓடும்போது கண் எதையும் தெளிவாகப் பதிவதில்லை. வானத்தைப் பத்துப் பத்து டிகிரித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விநாடியாவது பார்வையை நிறுத்த வேண்டும். வெறும் நீலத்தை வெறித்தால் கண் தானாகவே சில மீட்டருக்கு அப்பால் குவிந்துவிடும். அடிக்கடி தொலைவிலுள்ள மேகத்தையோ தரையையோ பார்த்துக் குவியத்தைத் தள்ளிவைக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு முழு விமானமே ஒளிந்துகொள்ளும் என்பதால் தலையையும் நகர்த்திப் பார்க்க வேண்டும். இறக்கை மேலே உள்ள விமானத்தில் வளையும்போது, வளையும் பக்கத்து இறக்கையே பார்வையை மறைக்கும். முதலில் அதைச் சற்று உயர்த்தி, பார்த்துவிட்டுத்தான் வளைவார்கள்.

விதிகளுக்கு வருவோம். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்புறம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வந்தால், எதிராளியைத் தன் வலப்புறத்தில் காண்பவர் வழிவிட வேண்டும். முந்துகிறவர்தான் விலகிப் போக வேண்டும். இவை கடலுக்கும் பொருந்தும், வானுக்கும் பொருந்தும். கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. விமான இறக்கை நுனிகளிலும் வாலிலும் அதே நிறங்கள். இருட்டில் வலப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தால், குறுக்கே வருபவரின் இடப்பக்கம் தெரிகிறது, ஒதுங்க வேண்டியது நீங்கள். இடப்பக்கம் பச்சை தெரிந்தால் அவருக்கு உங்கள் சிவப்பு தெரியும், ஒதுங்க வேண்டியது அவர். 1919இல் பாரிஸில் கையெழுத்தான வான்பயண ஒப்பந்தத்திலேயே கப்பல் விதிகளின் சாயலைக் காணலாம்.

அப்படியும் 1922 ஏப்ரலில் பிரான்சின் பிக்கார்டி பகுதியில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதின. ஏழு பேர் இறந்தார்கள். லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே எதிரெதிராகப் பறந்த இரண்டும், மூட்டத்தில் வழி தவறாமலிருக்கக் கீழே தெரிந்த ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு வந்தவை. கீழே தெரியும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு பறக்கும் ஆசை குட்டி விமானங்களை ஓட்டுபவர்களுக்கு இன்றும் உண்டு: ரயில் பாதை, ஆறு, கடற்கரை. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை நேர்க்கோடாக ஓடும் நம் கரையைவிட வசதியான வழிகாட்டி எது? வசதி எதிரே வருபவருக்கும்தான். அதனால் கோட்டை எப்போதும் தன் இடப்புறத்தில் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். இந்தக் கரையில் வடக்கே போகிறவர் கடல்மேலும், தெற்கே வருகிறவர் நிலத்தின்மேலும் பறந்தால் இருவருக்கும் இடைவெளி கிடைக்கும்.

உயரத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. கண்பார்வையை நம்பிப் பறப்பவர்கள் கிழக்கத்தித் திசைகளில் போகும்போது ஒற்றைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறு அடி, மேற்கத்தித் திசைகளில் இரட்டைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறு. அதாவது 3,500, 5,500 ஒரு பக்கம். 4,500, 6,500 மறுபக்கம். எதிரெதிரே போகிறவர்களுக்கு நடுவே ஆயிரம் அடி. ஆனால் மோதல்கள் பெரும்பாலும் இந்த உயரங்களில் நடப்பதில்லை. விமானத் தளத்துக்கு அருகே, நல்ல வெளிச்சத்தில், தாழ்வான உயரத்தில்தான் நடக்கின்றன. எல்லோரும் ஒரே ஓடுபாதையைத் தேடி வந்து குவியும் இடம் அது.

2025 ஜூலையில் கனடாவின் மானிடோபாவில் ஒரு பயிற்சிப் பள்ளியின் இரண்டு செஸ்னாக்கள் அப்படித்தான் மோதின. இறங்கி உடனே ஏறும் பயிற்சியில் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் தரையிறங்க முயன்றிருக்கிறார்கள். இரண்டிலும் ரேடியோ இருந்தது. இறந்த இருவரில் ஒருவர் கேரள மாணவர். கட்டுப்பாட்டு டவர் இல்லாத சிறு தளங்களில் விமானி தன் இடத்தைத் தானே ரேடியோவில் சொல்லிக்கொண்டே சுற்றிவர வேண்டும்: ஓடுபாதைக்கு இணையாக வருகிறேன், திரும்புகிறேன், நேராக இறங்குகிறேன். சொன்னால் மட்டும் போதாது, மற்றவர் சொல்வதைக் கேட்டு மனத்துக்குள் ஒரு படமும் வரைந்துகொள்ள வேண்டும். தாழ்ந்த இறக்கை விமானத்துக்குக் கீழே தெரியாது, உயர்ந்த இறக்கை விமானத்துக்கு மேலே தெரியாது. மேலே முன்னது, கீழே பின்னது என இரண்டும் இறங்கினால் ஒன்றையொன்று பார்க்கவே வழியில்லை.

கருவி இருந்தால் தீராதா என்று கேட்கலாம். தீராது, குறையும். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிடோஸில், அனுமதியில்லாத வான்பகுதிக்குள் நுழைந்துவிட்ட ஒரு தனியார் பைப்பர் விமானமும் ஏரோமெக்சிகோவின் டிசி-9 விமானமும் தெளிந்த பகலில் மோதின. தரையில் இருந்த 15 பேர் உட்பட 82 பேர் இறந்தார்கள். ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவி டிரான்ஸ்பாண்டர்; பைப்பரில் இருந்தது உயரத்தைச் சொல்லாத வகை. அதன் பிறகுதான் பயணிகள் விமானங்களில் 'டிகாஸ்' எனும் மோதல் தவிர்ப்புக் கருவியை அமெரிக்கா சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. இந்தியா அதைக் கட்டாயமாக்க 1996 நவம்பர் 12 வரவேண்டியிருந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து ஏறிய சவூதி விமானமும் டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டார்கள். அன்றைய டெல்லி ரேடாருக்கு விமானங்களின் உயரம் தெரியாது.

டிகாஸ் எதிராளியின் டிரான்ஸ்பாண்டரோடு பேசி, 'ஏறு', 'இறங்கு' என்று ஆணையிடும். எதிராளியிடம் டிரான்ஸ்பாண்டரே இல்லை என்றால் அதற்கு எதிரே இருப்பது வெறும் ஆகாயம். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானத்துக்குக் கருவி 'ஏறு' என்றது, தரைக் கட்டுப்பாட்டாளர் 'இறங்கு' என்றார். ரஷ்ய விமானி மனிதக் குரலை நம்பி இறங்கினார். எதிரே வந்த சரக்கு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், பலர் பள்ளிப் பிள்ளைகள். கருவி ஒன்றும் ஆள் ஒன்றும் சொன்னால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்பது அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லாத விதியானது.

சர்வதேச விதி இந்தக் கருவியைக் கேட்பது 5,700 கிலோவுக்கு மேற்பட்ட, அல்லது 19 பேருக்கு மேல் ஏற்றும் விமானங்களிடம்தான். நான்கு இருக்கைச் செஸ்னா 172 எல்லாச் சுமையோடும் சுமார் 1,100 கிலோ. அதன் விமானி விலை கொடுத்துப் பொருத்தும் டிரான்ஸ்பாண்டரால் பெரிய விமானத்துக்கு இவர் தெரிவார். தனிக் கருவி வாங்கினாலன்றி இவருக்கு யாரும் தெரியமாட்டார்கள். காசிமேட்டு ஃபைபர் படகுக்கும் சரக்குக் கப்பலுக்கும் உள்ள உறவும் கிட்டத்தட்ட இதுதான். 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு ஏ.ஐ.எஸ். உண்டு, ஃபைபர் படகுக்குக் கண்ணும் டார்ச்சும். சிறியவரைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் செலவைச் சிறியவர் தலையிலேயே கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை இலவசமாகத் தரும் திட்டம் வந்திருக்கிறது. அது கரையோடு செய்தி பரிமாற உதவும், கப்பலை விலக்காது. இருந்தாலும் யோசனை சரியான திசையில் போகிறது.

சென்னை வானத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் நெரிசல் புரியும். மீனம்பாக்கத்துப் பயணிகள் விமானங்கள், தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள், அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியின் கடற்படை விமானங்கள், கடலோரக் காவல்படையின் டார்னியர்கள். டவரின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தாலும், கண்பார்வை விதியில் பறக்கும் சிறு விமானத்துக்குப் பல வான்பகுதிகளில் கிடைப்பது தகவல் மட்டுமே. பத்து மணித் திசையில் ஒரு விமானம், மூன்று மைல் என்று டவர் சொல்லும். தேடிக் கண்டு விலகும் பொறுப்பு விமானியுடையது.

இப்போது புதிதாக ட்ரோன்களும் சேர்ந்திருக்கின்றன. 2021இன் ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் அவை 400 அடி வரை முன்அனுமதியின்றிப் பறக்கலாம். சிறு விமானம் குடியிருப்புகள் அடர்ந்த ஊருக்கு மேல் குறைந்தது ஆயிரம் அடியிலும், திறந்த வெளியிலும் கடல்மேலும் 500 அடியிலும் பறக்க வேண்டும். ஆக, கடற்கரையோரத்தில் இருவருக்கும் நடுவே காகிதத்தில் இருப்பது நூறு அடி. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்தே உயரத்தைச் சொல்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் ஏறக்குறைய 27 அடி. உண்மை அழுத்தத்தைவிட நான்கு ஹெக்டோபாஸ்கல் கூடுதலாக அமைத்துவிட்டால், முள் 500இல் நிற்கும்போது விமானம் 400க்கும் கீழே இருக்கும். புயல் சின்னம் ஒன்று வங்கக் கடலில் நெருங்கும் நாள்களில் சில மணி நேரத்திலேயே அழுத்தம் அவ்வளவு இறங்கிவிடக்கூடும் என்பதால், விமானிகள் அந்த எண்ணை டவரிடம் மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் திருத்திக்கொள்கிறார்கள்.