பொந்து இருந்தால் கிளி வரும்

“நாம நல்லாத்தானே வெச்சிருக்கோம், எதுக்குக் கிளியைக் கொடுக்கணும்?” பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம் என்று தெரியவரும் வீட்டில் முதலில் அழுவது குழந்தைதான். பள்ளிவிட்டு வந்ததும் கொய்யாத் துண்டோடு கூண்டுக்கு ஓடும் பிள்ளையிடம் சட்டப் பிரிவைச் சொல்லிப் பயனில்லை. அந்தக் கிளி எப்படி வீட்டுக்கு வந்தது என்பதைச் சொல்லலாம்.

பச்சைக்கிளி சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. மொட்டைப் பனையில் மரங்கொத்தி குடைந்த பொந்து, பட்ட மரத்தின் ஓட்டை, கோபுரத்து இடுக்கு இவைதான் அதன் வீடு. தை, மாசியில் மூன்று நான்கு முட்டைகள் இடும். குஞ்சு பொரிக்க மூன்று வாரம், பறக்க மேலும் ஏழு வாரம் போல ஆகும். குஞ்சு பிடிப்பவர்கள் அதற்குள் மரம் ஏறிவிடுகிறார்கள். இறகு முளைக்காத குஞ்சுதான் கையில் ஒட்டும், பேச்சும் பழகும், கிராக்கியும் அதற்கே. கை நுழையப் பொந்தை வெட்டிப் பெரிதாக்கினால், அடுத்த பருவத்துக்கு அந்த வீடும் போச்சு. வழியிலேயே செத்த குஞ்சுகளைக் குழந்தை பார்ப்பதில்லை. அதன் கைக்கு வருவது பிழைத்த ஒன்று மட்டுமே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வளர்ப்பதும் குற்றம். 2022இல் வந்த திருத்தம் அதை இரண்டாம் அட்டவணையில் வைத்தது. கிளி ஜோசியக்காரரின் கூண்டும் இதற்கு விலக்கல்ல. கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் பட்ஜரிகர் வேறு கதை. அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகியது. அதை வளர்க்கத் தடையில்லை.

சட்டத்துக்குப் பயந்து சிலர் ஜன்னலைத் திறந்து கிளியைப் பறக்கவிடுகிறார்கள். இறக்கை வெட்டிய கிளி எங்கே பறக்கும்? பூனைக்குப் பயப்படத் தெரியாது, இரை தேடிப் பழக்கமில்லை, சேர்த்துக்கொள்ளக் கூட்டமும் இல்லை. வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்க வேண்டும். பெரிய அடைப்பில் மற்ற கிளிகளோடு பறந்து பழக வேண்டும். அதன் பிறகுதான் வெளியே விடலாம். மனிதரோடு மிகவும் ஒட்டிப்போனவை கடைசிவரை பராமரிப்பிலேயே இருக்க நேரும். ஒப்படைக்கப் போகும்போது குழந்தையையும் கூட்டிப் போங்கள். தூங்கும்போது கூண்டை அகற்றினால், பெரியவர்களையே அது நம்பாது.

கிளிமேல் பாசம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. மதுரை மீனாட்சி கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. அங்கே கிளி வளர்த்த காலம் முடிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் இருப்பதோ தினமும் புதிதாகச் செய்யும் இலைக்கிளி. மாதுளம்பூதான் அதற்கு மூக்கு. அந்த வழிபாட்டுக்கு எந்தப் பொந்தையும் வெட்ட வேண்டியதில்லை.

வீட்டுக் கிளி போன பின் பிள்ளையின் பாசத்துக்கு வேலை கொடுங்கள். வேலியில் கோவைக்கொடி படரட்டும், பழத்துக்குக் கிளி வரும். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குடும்பமாகச் சேரலாம். ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்ததை எழுதினால் போதும். கிளிகள் பொந்து தேடும் பருவமும் அதுதான். எந்த மரத்தில் எந்த ஜோடி நுழைகிறது என்பதைப் பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. மொட்டைப் பனைதானே என்று செங்கல் சூளைக்குப் பேரம் பேசும் முன், வீட்டுப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே குடியிருப்பது யார் என்று அதற்குத் தெரியும்.